ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் பாசம் பொங்குமா?

நெல்லைக்கு வந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் கிளம்புகிற அன்றைக்கு விடிந்ததுமே போன் செய்கிறது. ஏன் இப்படி? பாளையங்கோட்டைப் பெரியம்மா சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்து மூச்சு முட்டச் சாப்பிட வைத்தாள். அடுத்து டவுன் அத்தை. "ஏல, அங்க சாப்பிட்டுட்டு எங்க வீட்டுல கை நனைக்காமப் போவியோ?" மறுபடியும் இலை! நடுவில் சுலோசன முதலியார் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. பாலம் திறந்த 1843இல் மாட்டுவண்டிகூட இதைவிட வேகமாகப் போயிருக்கும். வண்ணார்பேட்டையில் காத்திருந்த நண்பர்கள் ஒரு பக்கம் கோபம். நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்களை இந்த முறையும் பார்க்கவில்லை. அல்வாப் பொட்டலங்களின் நெய் சட்டைகளில் இறங்கிவிட்டது, பை ஜிப்பும் மூடவில்லை. ரயிலுக்கு அரைமணிதான் இருக்கிறது, அப்போது போய் "எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ" என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?