பப்ளுவும் தேரிக்காட்டு முள்ளெலியும்

தங்கை வீட்டுக்குப் போன வருடம் ஒரு முள்ளெலி வந்து சேர்ந்தது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். கூண்டு, ஓடுவதற்கு ஒரு சக்கரம், பூனைத் தீனி, பெயர் பப்ளு. நான் போனதும் தங்கை மகள் அதை என் மடியில் வைத்து, "அசையாம இருங்க மாமா, தானா விரியும்" என்றாள்.

பத்து நிமிடம் ஆனது. முதலில் மூக்கு மட்டும் ஈரமாக வெளியே வந்து காற்றை மோந்தது. அப்புறம் நெற்றி முள் மெல்லத் தாழ்ந்தது, ஒரு கண், ஒரு முன்னங்கால். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. புஸ்ஸென்று சீறி மறுபடி பந்தாகிவிட்டது. "உங்ககிட்ட வெட்கப்படுது" என்றாள் பிள்ளை.

வெட்கமாவது ஒன்றாவது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் நரியைக் கண்டால் முள்ளெலி செய்வதும் இதேதான். நாய் நம்மோடு ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறது. பப்ளுவின் வகை 1980களில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் போனது. கோமாரி நோய் பயத்தில் 1991இல் அங்கே இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்கு முன் போய்ச் சேர்ந்தவற்றின் வாரிசுகள்தான் இன்றைக்கு அங்கே வீடுகளில் இருப்பவை. முப்பது, நாற்பது வருடத்தில் ஒரு காட்டு விலங்கு வீட்டு விலங்காகிவிடாது. நம் கை வாசனை பழகியிருக்கும், அவ்வளவுதான். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு கொஞ்சுகிறோமே, அதில்தான் எனக்குச் சங்கடம்.

பிறகு ஒரு சித்திரை மாத விடியலில் தங்கையிடமிருந்து போன். பப்ளு தள்ளாடுகிறது, வயிறு சில்லென்று இருக்கிறது. வெளியே சென்னை வெயில், உள்ளே ராத்திரி முழுக்க ஏசி இருபதில் ஓடியிருக்கிறது. இந்த ஆப்பிரிக்க வகைக்கு 24 முதல் 29 டிகிரி வரை வேண்டும். குளிர் கூடினால் உறக்கநிலைக்குப் போகப் பார்க்கும், அதைத் தாங்கி எழ அதன் உடம்பால் முடியாது. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் "நாங்க நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம்" என்றுவிட்டார்கள். தங்கை அதைத் துணியில் சுற்றி, வயிற்றோடு அணைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொண்டது.

அவள் முந்தின நாளே அது சோர்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். இணையத்தில் தேடியபோது 'முள்ளெலி மாதக்கணக்கில் தூங்கும், எழுப்ப வேண்டாம்' என்று இருந்ததாம். அது இங்கிலாந்துத் தோட்டங்களில் திரியும் ஐரோப்பிய முள்ளெலிக்குச் சொன்னது. அதன் எடை ஒரு கிலோவைத் தொடும், இலையுதிர் காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பனிக்காலத்தைத் தூங்கியே கழிக்கும். பப்ளு அரைக் கிலோகூட இல்லை. வளர்ப்பு வேறு காடு வேறு என்று பேசுகிறவர்கள், காட்டிலேயே எத்தனை வகை என்பதை மறந்துவிடுகிறார்கள். எல்லாமே முள் வைத்த பந்துதானே என்று நினைப்பு.

நம்மூரில் இருப்பது இன்னொரு வகை. 'மெட்ராஸ் முள்ளெலி' என்று பெயர். தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 1851இலேயே அறிவியல் பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயருக்கு மொட்டை வயிறு என்று பொருள். ஆப்பிரிக்க வகையின் பெயருக்கு வெள்ளை வயிறு. எந்நேரமும் வயிற்றை மறைத்துக்கொள்ளும் பிராணிக்கு வயிற்றை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! நம்முடையதன் உச்சந்தலையில், சீப்பால் வகிடெடுத்தது போல முள்ளில்லாத ஒரு கோடு இருக்கும். முள்ளம்பன்றியோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். முள்ளம்பன்றிதான் எலி, அணில் வகையறா, எடையும் பத்துக் கிலோவுக்கு மேல். பெயரில் எலி இருந்தாலும் முள்ளெலி எலி இல்லை, மூஞ்சூறுக்குச் சொந்தம்.

சாத்தான்குளம் பக்கம் பெரியப்பாவின் பனங்காட்டில் சிறுவயதில் இதைப் பார்த்திருக்கிறேன். இருட்டிய பிறகு சருகு சரசரக்கும். டார்ச் அடித்தால் அப்படியே நிற்கும், அணைத்தால் மறுபடி நடக்கும். வண்டு, கறையான், தேள் என்று கிடைத்ததைத் தின்றுகொண்டு ராத்திரி முழுக்க நடக்கிற பிராணி. பப்ளுவும் நடக்கத்தான் செய்கிறது, சக்கரத்துக்குள். ஓடிக்கொண்டே அதிலேயே கழிந்துவிடும். விடிந்ததும் அதைக் கழுவுவது தங்கைக்குத் தினசரி வேலை.

"காட்டில் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும், வீட்டில் நாலைந்து வருடம் நன்றாக இருக்குமே அண்ணா" என்று தங்கை கேட்டாள். உண்மைதான், மறுக்கவில்லை. பாம்பு பயம் இல்லை, லாரி பயம் இல்லை. ஆனால் நிம்மதியாக இருக்கிறது என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? பகல் முழுக்கத் தூங்கவேண்டிய பிராணியை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுப்பி செல்ஃபி எடுக்கிறோம்.

காட்டில் இருப்பதற்கும் சொகுசு இல்லை. கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளைச் சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. நம் நகம் எதனால் ஆனதோ, அந்த முள்ளும் அதனால் ஆனதுதான். கக்குவானுக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருந்தும் வீட்டில் நாலு முள் எடுத்து வைத்திருக்கும் ஆச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். ரோடும் இன்னொரு எமன். நரிக்கு எதிராக உதவுகிற அந்தப் பந்து வித்தை டயருக்கு முன்னால் எடுபடுமா? ஓடிப் போகவேண்டிய நேரத்தில் சுருண்டு கிடக்கும்.

என் ஆதங்கம் இதுதான். சென்னைப் பிள்ளைகளுக்கு 'ஹெட்ஜ்ஹாக்' தெரிகிறது, அது என்ன தீனி தின்னும் என்றுகூடத் தெரிகிறது. முள்ளெலி என்று ஒன்று நம் மண்ணிலேயே இருப்பது தெரியவில்லை. தங்கை மகள் கேட்டாள், "ஊர்ல இருந்து ஒன்னு பிடிச்சிட்டு வாங்க மாமா, பப்ளுவுக்கு ஜோடி." அது வேறு இனம், இது வேறு இனம், ஜோடி சேராது என்றேன். அதைக் காட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, அப்போ பார்க்கவாச்சும் கூட்டிட்டுப் போங்க."

ஐப்பசி மழை விட்டதும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணில் பட்டால் விரட்ட வேண்டாம் என்று பெரியப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அதுக்கா சென்னையில இருந்து வாரீக?" என்று சிரிக்கிறார்.