வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஊரில் வழக்குப் போடலாம்

நம்ம நெல்லைப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி வெளிநாட்டில் கணவனோடு வாழ முடியாமல் தவிக்கிறாள் என்று தெரிந்தால் பெரியவர்கள் பேச்சு இரண்டுதான். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா." இல்லையென்றால், "அத்து விட்ருவோம்." நடுவில் சட்டம் ஒரு வழி வைத்திருப்பதை யாரும் சொல்வதில்லை.

1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 10ஆவது பிரிவு அது. வக்கீல்கள் ஜுடிசியல் செபரேஷன் என்பார்கள், அதாவது நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்து வாழ்வது. தீர்ப்பு வந்தபின் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் இல்லை; கல்யாணமும் முறியாது, அதனால் மறுமணம் செய்ய முடியாது. கொடுமை, 2 வருடம் கைவிட்டது என விவாகரத்துக்குச் சொல்லும் காரணங்கள்தான் இதற்கும். (பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் வருடச் சட்டத்தில் இதே வழி உண்டு.)

கல்யாணமாகி 1 வருடம் ஆகாமல் விவாகரத்து மனு போட நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். ஜுடிசியல் செபரேஷனுக்கு அந்தத் தடை கிடையாது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். கல்யாணமான சில மாதத்திலேயே வளைகுடாவில் ஒரு பிளாட்டுக்குள் அடைபட்டு, விசாவும் கணவன் பெயரில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது எவ்வளவு நீளம்!

என் சித்தி மகள் மஸ்கட்டில் இருந்தபோது, "கேஸ் போடணும்னா அவ இங்க வந்து உக்காரணும்" என்று மாமாக்கள் அடித்துச் சொன்னார்கள். அது தவறு. கல்யாணம் இங்கே நடந்திருந்தால் நெல்லை குடும்ப நீதிமன்றத்திலேயே மனு போடலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர், அதாவது தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். சாட்சி சொல்வதற்கு வீடியோ வழி அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், "அங்கேயே கோர்ட்டில் முடிச்சிட்டேன்" என்று மாப்பிள்ளை காகிதம் நீட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு கணவர் வாங்கிய விவாகரத்தை நம் உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்கவில்லை. நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி ஒப்புக்கொள்ளாத நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஜுடிசியல் செபரேஷன் தீர்ப்புக்குப் பின் 1 வருடம் சேராமல் இருந்தால் இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம், அவனும்தான். தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அப்படியும் இது நல்ல வழி என்றே சொல்வேன். யோசிக்க நேரம் கிடைக்கிறது. மனம் மாறினால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கவும் இடமுண்டு.

அப்பாமாரே, மகள் போனில் அழுதால் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு திருமணப் பதிவுச் சான்றிதழையும் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு, தங்கச்சிக்கு வரன் அமையட்டும் என்று காத்திராமல், அந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.