லயத்துக்கு மேலே ஒரு பழைய குளக்கட்டு

ஜன்னல் ஓரத்தில் இரண்டு போத்தல் வைத்திருக்கிறேன். ஒன்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மற்றதில் அடியில் அரை விரல் உயரத்துக்கு மண் படிந்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் பிடித்தவைதான், எங்கள் லயங்களுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற பழைய குளக்கட்டின் அடியில். முதலாவது பங்குனி வெயிலில் பிடித்தது. இரண்டாவது போன கிழமை, நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு. இந்த அழுக்குப் போத்தலை எப்போது வீசப் போகிறீர்கள் என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

குளம் வெள்ளைக்காரன் காலத்தது. பெக்டரி டர்பைனைச் சுற்ற வைக்கத் தண்ணீர் தேவைப்பட்டதால் ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி மிதித்துக் கட்டினார்கள். பிறகு கரண்ட் வந்தது, டர்பைன் பழைய இரும்புக்குப் போனது. குளம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. மேலே தேயிலை மலையிலிருந்து வருடா வருடம் கழுவிக்கொண்டு வந்த மண் அதில் நிறைந்து, இப்போது மேலாக ஒரு முழம் தண்ணீர், அதற்குக் கீழே முழுக்கச் சேறு.

அந்தச் சேறுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பிரேசிலில் புருமாடிஞ்ஞோ என்ற ஊரில் 2019 ஜனவரி 25ஆம் தேதி உடைந்தது தண்ணீர் அணை இல்லை. இரும்புச் சுரங்கத்தில் தாதுவைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த அணை. 1976இல் கட்டத் தொடங்கி, சேறு நிறைய நிறைய அந்தச் சேற்றின் மேலேயே அடுத்த படியைக் கட்டி, 86 மீற்றர் வரை உயர்த்தியிருந்தார்கள். உடைவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அதில் கழிவு கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதாவது ஓய்வு பெற்ற அணை. கமராவில் பதிவான காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகம் முழுக்கப் பச்சைப் புல், அமைதியாக நிற்கிறது, அடுத்த கணம் மொத்தமும் கூழாகி இறங்குகிறது. 270 பேர் செத்தார்கள். தொழிலாளர்கள் சாப்பிடும் கென்டீன் அணைக்கு நேர் கீழே இருந்தது, உடைந்ததோ மதியச் சாப்பாட்டு நேரம். சைரன் அடிக்கவில்லை. முந்தைய வருடம்தான் அணை உறுதியாக இருக்கிறது என்று வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

கெட்டியாகத் தெரிகிற சேற்றில் நின்று காலை ஆட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கூழாகி முழங்கால் வரை இழுக்கும். அங்கே நடந்ததும் அதுதான், மலையளவில். எங்கள் குளம் அதோடு ஒப்பிட்டால் ஒரு சட்டி. ஆனால் அந்தச் சட்டிக்குக் கீழே இரண்டு லயமும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற ஒரு பிள்ளை மடுவமும் இருக்கின்றன.

“வெள்ளக்காரன் கட்டுனது தம்பி, நூறு வருசமா நிக்குது, ஒண்ணும் ஆகாது.” இதைச் சொல்லாத ஆள் இங்கே இல்லை. திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய்க் குளம் அதைவிட எத்தனையோ நூற்றாண்டு பழசு. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலையில் அதன் கட்டு உடைந்து 120 பேருக்கு மேல் போனார்கள். மண்கட்டுக்கு வயதாவது ஆட்களுக்கு வயதாகிற மாதிரித்தான், வெளியே தெரியாது. எங்கள் கட்டின் மேல் யூகலிப்டஸ் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பார்க்க அழகு. அதில் இரண்டு பட்டுப்போய்விட்டன, அவற்றின் வேர் உக்கினால் கட்டுக்குள் குழாய் போட்ட மாதிரி. முள்ளம்பன்றி வளை வேறு. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வான் வாய்க்கால் மானாப்புல்லும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. அது அடைத்தால் தண்ணீர் கட்டின் தலைக்கு மேலே வழியும். மண்கட்டு அதைத் தாங்காது, சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். என்ன நிறத்தில் வருகிறது, நேற்றைவிடக் கூடவா என்றுதான் பார்க்க வேண்டும். தெளிவாக, கூடாமல் வந்தால் பரவாயில்லை. கலங்கி வந்தால் கட்டின் வயிற்றிலிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்பா தோட்டத்தில் கான், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டிய ஆள், அவருக்கு இது படிக்காமலே தெரியும். “கலங்கல் வந்தா சட்டி பானையைப் பாக்காத, பக்கத்து மலைக்கு ஏறிடு” என்பார். அவர் காலத்தில் கட்டைப் பார்க்கவென்றே ஒரு ஆளுக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், போட்டார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின, அதன் பிறகு எப்போதோ அந்தப் பேரும் நின்றுபோனது.

போத்தலை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். அது அரசாங்கத்தின் வேலை என்றார்கள். அரசாங்க ஒபிசில், தோட்டத்துக் குளம்தானே, தோட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். ஒருவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “டீ கலர்தான்” என்று சிரித்தார். காசல்ரீ, மவுசாக்கலை மாதிரிப் பெரிய அணைகளுக்கு இன்ஜினியர் இருக்கிறார். இந்த மாதிரிச் சின்னக் கட்டுகளுக்குப் புல் வெட்டக்கூட ஆள் இல்லை.

இந்த மலையில் பல சாவுகள் எச்சரிக்கை வந்த பிறகுதான் நடந்தன என்பதுதான் கோபம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. கடதாசி சரியாகத்தான் இருந்தது, லயம் அங்கேயே இருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகும் நாம் கடதாசியை நம்பிக்கொண்டு இருக்கிறோம்.

லயத்துப் பையன்கள், நாமே கட்டை வெட்டித் தண்ணீரை விட்டுவிடுவோம் என்கிறார்கள். தம்பிமாரே, தயவு செய்து வேண்டாம். வெட்டிய வாயைத் தண்ணீரே அகலமாக்கிக்கொள்ளும். தண்ணீர் சட்டென்று இறங்கினால், நனைந்து கனத்த உட்பக்கச் சரிவும் சறுக்கும். குளத்தை இறக்குவது தெரிந்தவர் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டிய வேலை.

எங்களால் முடிந்தது வேறு. வான் வாய்க்காலைத் துப்புரவாக்க நான்கு பேருக்கு ஒரு நாள் போதும். கசிவு வருகிற இடத்தில், நடுவில் முக்கோணமாக வெட்டிய ஒரு பலகையை நட்டால், தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று அடிமட்டம் (ஸ்கேல்) வைத்துப் படிக்கலாம். பிள்ளைகளுக்கே வரும். தேதி, மட்டம், நிறம், அன்றைய மழை, ஒரு கொப்பியில் நான்கே வரி. அந்தக் கொப்பி ஒபிஸ் அலமாரியில் இருக்கக் கூடாது, கட்டுக்குக் கீழே தூங்குகிறவர்களின் வீட்டில் இருக்க வேண்டும். மரத்தையும் வளையையும் சேற்றையும் இன்ஜினியர் வந்துதான் பார்க்க வேண்டும். அவர் வரும்போது காட்டக் கையில் ஒரு கணக்காவது இருக்கும்.

பலகைக்குப் பக்கத்து லயத்து மாமா மரம் தருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை மேலே போகிறோம். மண்வெட்டி வைத்திருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், அட்டைக் கடிக்குச் சவர்க்காரமும் உப்பும் நான் கொண்டு வருகிறேன்.