மனசுக்குள்ள வேண்டாம், சபையில சரி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்பிள்ளை பத்தாவது முடிப்பதற்குள் பல வீடுகளில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்த அம்மாக்களிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள். "அவ படிக்கட்டும்னுதான்க்கா எனக்கும் ஆசை" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "வயசுக்கு வந்த புள்ளைய வீட்ல வெச்சிருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" அந்த நாலு பேரில் ஒருத்தியிடம் போய்க் கேட்டால், அவளும் இதையேதான் சொல்கிறாள்.

படிப்பறிவு இல்லாத ஜனங்கள், சொன்னாலும் புரியாது என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும் என்பது இங்கே தெரியாத ஆள் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது போன் போட்டுவிடுவார்களோ என்று பயந்து விடியற்காலையில் எங்கோ ஒரு கோயிலில் தாலி கட்டுகிறவர்களுக்குச் சட்டம் தெரியாதா? தெரிந்தேதான் செய்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விடுகிறார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் பழி பெற்றவர்கள் தலையில்தான் விழும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்லோரும் பதினாறில் கட்டிக் கொடுக்கிற ஊரில் ஒரு வீடு மட்டும் இருபது வரை பொறுத்தால், "மாமன்காரனே வேண்டாம்னுட்டானாம், என்ன குறையோ" என்ற பேச்சு வரும். தனி ஒரு குடும்பமாகப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வீடாகப் போய் அறிவுரை சொல்வது பலிப்பதில்லை.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று கோடுகளில் எது, காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி ஒரே தப்பு விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே தாங்களும் சொன்னார்கள். மனிதர்கள் ஆட்டுமந்தை என்பதற்கு இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், தப்பு விடைகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் நிறையவே குறைந்தன. ஆக, பலருக்குக் கண் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. தனியாக நிற்கத்தான் பயம்.

இந்த இடத்தில் நம் விழிப்புணர்வுப் பிரசாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குழந்தைத் திருமணத்தில் நம் மாவட்டம் முன்னிலை" என்று செய்தி போடுகிறோம், பேனர் வைக்கிறோம். தலை குனிய வைப்பதுதான் நோக்கம். தகப்பன் காதில் அது "ஊரே செய்யுது" என்றுதான் விழுகிறது. அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரக் காட்டில், அதாவது பழங்கால மரங்கள் கல்லாகிப்போன தேசியப் பூங்காவில், உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் இதைச் சோதித்திருக்கிறார்கள். நிறையப் பேர் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதிய பலகை இருந்தபோது, அடையாளம் போட்டு வைத்த துண்டுகளில் நூற்றுக்கு எட்டு திருடு போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதியபோது இரண்டுக்கும் கீழே. நம் பள்ளிகளில் இருந்து கல்லூரிக்குப் போகிற, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பிள்ளைகளின் படங்களை ஊர் நுழைவில் வையுங்கள். "நம்ம ஊர்லயே இத்தன புள்ளைங்க படிக்குதா" என்று நாலு பேர் பார்க்கட்டும்.

சட்டமும் வேண்டும், மிரட்டுவதற்காக மட்டும் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான், போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று சொந்தத்தின் முகம் கோணாமல் மறுக்க ஒரு தகப்பனுக்கு அது வழி கொடுக்கிறது.

ஆனால் ஊர்வழக்கம் மாறுவதற்குச் சீனா காட்டிய வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அங்கே பெண்குழந்தைகளின் பாதத்தை இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் கொடுமை பல நூறு ஆண்டுகள் நடந்தது. கட்டாவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற அதே பயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெற்றோர்கள் சங்கம் சேர்ந்து ஒன்றாக உறுதி கொடுத்தார்கள்: எங்கள் பெண்ணுக்குப் பாதம் கட்டமாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை எங்கள் பையனுக்கு எடுக்கமாட்டோம். அந்த இரண்டாவது உறுதிதான் பயத்தின் வேரை அறுத்தது. பல இடங்களில் ஒரு தலைமுறைக்குள் வழக்கம் ஒழிந்தது.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் எழுந்து பேசப் போகிறேன். "என் பொண்ணுக்கு 18 முடியாம மாப்பிள்ளை பார்க்கமாட்டேன். என் பையனுக்கு 18 முடியாத பொண்ணைக் கேட்டு யார் வாசலுக்கும் போகமாட்டேன்." இரண்டையும் மைக்கில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு அம்மாக்கள் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை வட்டாரத்து அண்ணன்மார், அக்காமார் யாராவது உங்கள் ஊர்ச் சபையில் இதைச் சொல்லத் தயார் என்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள். தனியாக எழுந்திருக்கத் தயக்கமாக இருந்தால் தேதியும் இடமும் சொல்லுங்கள், பக்கத்தில் வந்து நிற்கிறேன்.