அலை எண்ணிக்கை நாள் குறித்துத் தராது

பங்கு விலையின் ஏற்ற இறக்கங்களை அலைகளாக எண்ணும் முறையைப் பற்றி, “அலை எண்ணத் தெரிந்தால், பங்கு விலை எந்த நாளில் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்” என அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பலருக்கும் அவர் எழுதியது வந்துவிட்டது. சேமநிதிப் பணத்தை இப்போதுதான் கையில் வாங்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் மன்னிக்க வேண்டும், அந்த முறை அப்படிச் சொல்லவில்லை. 1930களில் அமெரிக்கர் ரால்ஃப் நெல்சன் எலியட் வகுத்தது இது: போக்கின் திசையில் ஐந்து அலைகள், எதிர்த்திசையில் மூன்று. ஏற்றத்தில் இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய இடத்துக்குக் கீழே போகக் கூடாது. 1, 3, 5 ஆகிய அலைகளில் மூன்றாவது மிகக் குட்டையாக இருக்கக் கூடாது. இந்த விதிகள் தவறான எண்ணிக்கையைக் கழித்துக்கட்ட உதவும், அவ்வளவே. விதியை மீறாமலே ஒரே வரைபடத்தை இருவர் இரு விதமாக எண்ண முடியும்.

யாரும் சோதிக்கலாம். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் கேஎல்சிஐ என்ற பங்கு விலைக் குறியீட்டின் பழைய வரைபடம் ஒன்றை எடுங்கள். ஆண்டு தெரியக் கூடாது, தெரிந்தால் நினைவிலிருந்தே சொல்லிவிடுவார்கள். வலப் பாதியைத் தாளால் மறைத்து, அலை எண்ணத் தெரிந்த இருவரிடம் தனித்தனியே கொடுங்கள். குறியீடு எங்கே, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்கிய பிறகு தாளை எடுத்து, இருவர் சொன்னதும் நடந்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அண்ணனும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டுகிறேன்.