கல்லின் மேல் மரம்: நார்டன் செயின்ட் பிலிப் சத்திரம்

இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குத் தெற்கே, நார்டன் செயின்ட் பிலிப் என்ற சிற்றூரில் இருக்கிறது ஜார்ஜ் சத்திரம். அதன் படத்தைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் 'எவ்வளவு பழசு, எவ்வளவு அழகு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கம்பளி வியாபாரத்துக்காகக் கட்டிய கட்டடம் இது. அதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அழகே பிடிபடும்.

பக்கத்தில் ஹிண்டன் மடம். அங்கே இருந்தவர்கள் கார்த்தூசியர் என்ற கிறிஸ்தவத் துறவிகள், தனித்தனி அறைகளில் பேச்சைக் குறைத்து வாழ்ந்தவர்கள். ஊரில் கூடிய கம்பளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்கவும் சரக்கை வைக்கவும் அந்த மௌன மடம்தான் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இந்தச் சத்திரத்தை எழுப்பியது.

முகப்பைப் பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கக் கல், நடுவில் வளைவு வாசல். அதற்கு மேல் இரண்டு தளங்கள் மரச்சட்டத்தில். ஒவ்வொரு தளமும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நெருக்கமான நகரத்தில் இடம் போதாமல் இப்படி நீட்டினார்கள் என்று சொல்லலாம். இந்தக் கிராமத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? கல்லுக்கும் பஞ்சமில்லை. பாத் வட்டாரமே நல்ல சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர் போனது, சுற்றுப்பட்ட வீடுகளெல்லாம் கல் வீடுகள். அப்படிப்பட்ட ஊரில் மேலே மரத்தைத் தேர்ந்தெடுத்தது, சந்தைக்கு வருகிறவன் கண்ணில் முதலில் இதுதான் பட வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து புடைத்து நிற்கும் ஜன்னல்களும் அதையே சொல்கின்றன.

அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவைக்காமல், ஈரத்தோடே அறுத்துப் பூட்டுவார்கள். இரும்பு ஆணி இல்லை, மரமுளைதான். வருஷங்கள் போகப்போக மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், பூட்டு இன்னும் இறுகும். இந்த மாதிரிக் கட்டடங்களில் கோணலைப் பார்த்ததும் 'ஐயோ, சாய்கிறது' என்று பதறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பல இடங்களில் அந்தக் கோணல் மரம் காய்ந்த கணக்கு. அதை நிமிர்த்தி, மழுங்கத் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசிப் புதுசாக்குகிற ஆசை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

1397 முதல் இங்கே மது விற்க உரிமம் உண்டு என்ற பெருமையும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீதிபதிகள் மதுக்கடைக்கு உரிமம் தரும் சட்டம் வந்ததே 1552இல். எது பழசு என்ற போட்டி இல்லாமலே இந்தக் கட்டடத்துக்கு மதிப்பு இருக்கிறது. 1668 ஜூனில், நாட்குறிப்பால் பேர்பெற்ற லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிட்டு 10 ஷில்லிங் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1685இல், அரசர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கிளம்பிய மன்மத் பிரபுவின் கலகப் படை இங்கே தங்கியது, ஊரிலேயே அரசப் படையோடு மோதியது.

1539இல் மடம் கலைக்கப்பட்டது. இன்று அது பெரும்பாலும் இடிபாடு. மடம் கட்டிய சத்திரமோ கூரையோடு நிற்கிறது. சந்தை 1902 வரை நடந்தது, அதற்கப்புறமும் சாப்பிடவும் தங்கவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேலை இருந்ததால் யாராவது ஒருவர் கூரை ஓடுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது நல்லதுதான். ஆனால் இதை அருங்காட்சியகமாக்கிப் பூட்டலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று முதலில் சொல்வது நானாக இருப்பேன்.

போகிறவர்கள் முகப்போடு திரும்பிவிடாதீர்கள். பின்முற்றத்துக்குப் போய், மிஞ்சியிருக்கும் பழைய மரத் தாழ்வாரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். உத்திரங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பூட்டியிருக்கின்றன என்பது அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது.