மாங்காய்க்கு ஒரு லேசர்

(சென்னை ரிச்சி தெரு. ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சர்வீஸ் கடை. பாய் சால்டரிங் அயனை ஈரப் பஞ்சில் துடைக்கிறார். மஞ்சப் பையோடு முருகேசன்.)

முருகேசன்: பாய், பழைய டிவிடி டிரைவ் கொண்டாந்திருக்கேன். பிரிச்சு ஒரு லேசர் டார்ச் பண்ணிக் குடுங்க. ரெடிமேட்ல ஏமாத்துறாங்களாம்.

பாய்: இது படிக்க மட்டும் தெரிஞ்ச டிரைவ் சார். லேசரை விடுற டையோடுல தெம்பு கிடையாது. எழுதுற டிரைவ் வேணும்.

முருகேசன்: (பைக்குள் கை விட்டு) இந்தாங்க, இது எழுதும்.

பாய்: ம்ம். இதுல ரெண்டு லேசர் இருக்கும். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 அகச்சிவப்பு. ரெண்டாவது கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். "என்ன இவ்ளோ டல்லா எரியுது"ன்னு குனிஞ்சு பார்ப்பீங்க. இமை தானா மூடாது. விழித்திரை வெந்துடும்.

முருகேசன்: அப்ப சிவப்பையே எடுங்க. ரெண்டு பென்சில் செல்லுல கோத்தா முடிஞ்சது.

பாய்: டையோடு முடிஞ்சது! இது பல்பு இல்ல. சூடாக ஆக கரண்டை இழுக்கும், இழுக்க இழுக்க சூடாகும். கரண்டை அளந்துதான் ஊட்டணும். கரண்டை ஒரே அளவுல வைக்கிற எல்எம்317 ஐசி போட்டு, 1.25 வோல்ட்டை ரெசிஸ்டர் ஓமால வகுத்தா கரண்ட். 6.2 ஓம்னா சுமார் 200 மில்லிஆம்ப். ரெசிஸ்டர் அரை வாட்ல போடணும்.

முருகேசன்: ஒரு லித்தியம் செல்லு?

பாய்: ஐசி ரெண்டு வோல்ட் தின்னும், ரெசிஸ்டர் ஒண்ணேகால், டையோடு ரெண்டரை. கூட்டுங்க.

முருகேசன்: கிட்டத்தட்ட ஆறு. கல்யாணச் செலவு மாதிரி வழியிலயே பாதி போயிடுதே!

பாய்: ஒரு லித்தியம் செல் 3.7 வோல்ட்தான். அதான் ரெண்டு செல். லேசர் டையோடை உடனே மாட்டக் கூடாது. முதல்ல அதுக்குப் பதிலா நாலு 1என்4007 சாதா டையோடையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் வரிசையா கோத்து டம்மி லோடு. அந்த ஒரு ஓம்ல மீட்டர் 0.2 வோல்ட் காட்டினா 200 மில்லிஆம்ப். அப்புறம் செல்லைக் கழட்டி, சர்க்யூட்ல கரண்டைத் தேக்கி வைக்கிற கப்பாசிட்டர் காலை ஷார்ட் பண்ணி வடிச்சுடணும். மறந்தீங்க, தேங்கி நிக்கிற வோல்ட் அத்தனையும் டையோடு மேல ஒரே அடி. முழுசாவும் சாகாது. சாதா எல்இடி மாதிரி மினுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

முருகேசன்: எங்க மச்சான் மாதிரி.

பாய்: டையோடு கால் மூணையும் மெல்லிசு செம்புக் கம்பியால கட்டிட்டுத்தான் சால்டர். உங்க நைலான் சட்டையோட ஸ்டாட்டிக் கரண்டே அதுக்கு எமன். கண்ணுக்கு என்ன போடுவீங்க?

முருகேசன்: சிவப்பு லேசருக்கு மேட்சா சிவப்புக் கூலிங் கிளாஸ்!

பாய்: அது சிவப்பை "வாங்க வாங்க"ன்னு உள்ளே விடும். 650 நானோமீட்டருக்குன்னு ஓடி 4 (ஒளியைத் தடுக்கிற அளவு) போட்ட கண்ணாடி வேணும், பத்தாயிரத்துல ஒரு பங்குதான் உள்ளே வரும். அது விலைக்கு இந்த மஞ்சப் பையில இருக்கிற மாதிரி நாலு பை சரக்கு வாங்கலாம்.

முருகேசன்: சரி, ரெடிமேட் பச்சையே வாங்கிக்கிறேன்.

பாய்: உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு கிறிஸ்டலை அடிக்கும், அது 1064 ஆகும், அடுத்த கிறிஸ்டல் அதை 532 பச்சையாக்கும். வாய்ல அகச்சிவப்பைத் தடுக்க ஒரு ஃபில்டர் இருக்கணும். மலிவு மாலுல அதைத்தான் முதல்ல விட்டுடுறான். எவ்வளவு வெளிய வந்தாலும் 5 மில்லிவாட்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிடுவான். ஆமா, லேசர் எதுக்கு?

முருகேசன்: மாமரத்துக்கு. மச்சான் மேல ஏறுவான், கீழேருந்து என் வீட்டம்மா காயைக் காட்டணும். கை நீட்டினா "எது, எது"ன்னு கேட்டே பிஞ்சையெல்லாம் பறிச்சுடுறான்.

பாய்: ஆள் இருக்கிற மரத்துல, நீங்க கேட்ட டிவிடி லேசரோட நூறு மில்லிவாட்டா? வீடு எங்கே?

முருகேசன்: பரங்கிமலை.

பாய்: (அயனை ஸ்டாண்டில் வைத்து) பிளேன் இறங்குற வழி! பைலட் கண்ணுல பட்டா என்ன ஆகும்? போலீஸ் வந்து உங்களைப் பறிச்சுட்டுப் போயிடும். ஆசைக்கு இந்த 5 மில்லிவாட் சிவப்பு மாட்யூல் போதும், மூணு பென்சில் செல்லுல எரியும். பித்தளை உடம்பு பெரும்பாலும் பிளஸ்ஸாதான் இருக்கும், ஸ்லீவ் போடாம, செல்லோட மைனஸ் தொடுற இரும்புக் குழாய்ல சொருகினா ஷார்ட். இதையும் மூஞ்சிக்கு நேரா காட்டாதீங்க.

முருகேசன்: பகல் வெயில்ல மாங்காய் மேல புள்ளி தெரியுமா?

பாய்: தெரியாது.

முருகேசன்: பின்னே எதுக்கு?

பாய்: நீங்கதானே லேசர் கேட்டீங்க! மாங்காய்க்குன்னா துரட்டி வாங்குங்க.

முருகேசன்: மச்சான் துரட்டி போட்டாலும் பிஞ்சுதான் விழும் பாய்.

பாய்: துரட்டியை வீட்டம்மா கையில குடுங்க. மச்சானைச் சாக்கு பிடிக்கச் சொல்லுங்க.